வெள்ளைக் கிரகத்தின் இரண்டு விரல்

"ரெண்டு விரல் சும்மா ஒண்ணும் நீளாது. டைரக்டரைக் குறை சொல்றதுக்கு முன்னாடி பத்தாங்கிளாஸ் பாஸ் பண்ணிட்டு வாங்க சிஸ்டர்."

கிளியனூர் சித்தார்த்தன் என்பவன் யூடியூபில் போட்டிருந்த இந்தக் கமெண்ட்டைப் படித்த ஆத்திரத்தில், ஆரோக்கியசெல்வி யாருடையதோ ஒரு ஆதார் அட்டையை மடித்தபடியே லேமினேஷன் மெஷினுக்குள் விட்டாள்.

பத்தாங்கிளாஸா! அவள் பி.எஸ்சி. பிசிக்ஸ். அப்பா சவரிமுத்துவின் வம்சத்திலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மூன்று வருஷம் புதுச்சேரி ஹாஸ்டலில் தண்ணீர் சாம்பார் குடித்துப் பட்டம் வாங்கி, அந்தப் பட்டத்தை லேமினேட் செய்யக் கொண்டுபோன மரக்காணம் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தவள்.

"இன்னா ஆச்சு?" என்றான் பக்கத்து மெஷினில் நின்றிருந்த மாயவன். கடையில் அவள் கூட வேலை செய்பவன்.

"ஒருத்தன் என்னைப் பத்தாங்கிளாஸ் ஃபெயிலுன்றான்."

"அத்த விடு. ஆதாரு புகையுது பாரு."

விவகாரம் இதுதான். 'விண்மீன் வம்சம்' இரண்டாம் பாகம் வெளியாகி மூன்று வாரம். முதல் பாகத்தில் தங்கையைத் தொலைத்த கதாநாயகன், இதில் அவளைத் தேடி வெள்ளைக் கிரகத்தில் இறங்குகிறான். கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெள்ளை. பளபளக்கும் அங்கியும் முழு முகமூடியும் போட்ட நாற்பது பேர் வரிசையாக நிற்கிறார்கள். "என் தங்கை எங்கே?" என்று இவன் கத்துகிறான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. முன்வரிசையில் ஒரு உருவம் மட்டும் வலப்பக்கம் திரும்பி இரண்டு விரலை உயர்த்துகிறது. உள்ளங்கையைத் தரையைப் பார்த்து இரண்டு முறை அழுத்துகிறது. பிறகு படாரென்று தன் தலையில் தானே அடித்துக்கொள்கிறது. தூரத்தில், அடிவானத்தை ஒட்டி ஒரு புள்ளி கையை ஆட்டுகிறது. இசை கிடுகிடுக்கிறது. படம் முடிந்துவிடுகிறது. மீதி மூன்றாம் பாகத்தில்.

மொத்தம் பதினோரு செகண்டு. அதற்குப் பிறகு இளைஞர்கள் யாரும் சோறு தின்றதாகத் தெரியவில்லை.

இரண்டு விரல் என்றால் இரண்டு தங்கைகள் என்றது ஒரு கட்சி. தரையைக் காட்டியதால் தங்கை பூமிக்கடியில் இருக்கிறாள் என்றது இன்னொன்று. தலையில் அடித்துக்கொள்வது அந்த வம்சத்து ராஜ சத்தியம், தூரத்துப் புள்ளி முதல் பாகத்தில் செத்துப்போன மன்னன்தான் என்று சித்தார்த்தன் நாற்பத்தேழு நிமிஷ வீடியோ போட்டிருந்தான். எஞ்சினியர். வேலை கிடைக்கவில்லை. நேரம் இருந்தது.

செல்விக்கு நேரமில்லை, தேவை இருந்தது. 'இடைவேளை டீ' என்கிற சென்னை யூடியூப் சேனல் ஒரு போட்டி அறிவித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரலை விவாதம். அந்தக் காட்சிக்கு நல்ல விளக்கம் சொல்பவருக்கு சேனலிலேயே எழுத்தாளர் வேலை. அதுவரை அவள் முப்பத்தோரு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். முப்பத்தோரு இடத்திலும் இரண்டு வருஷ முன்அனுபவம் கேட்டார்கள். எவனும் முதல் வேலையே தராவிட்டால் அனுபவம் என்ன மரத்திலா காய்க்கும்? இந்தச் சேனல் மட்டும்தான் அனுபவம் கேட்கவில்லை.

அதனால் உள்ளதை உள்ளபடி எழுதிப் போட்டாள். "இது தியரி இல்லை, தப்பு. துணை நடிகர் யாரோ எதையோ செய்திருக்கிறார், எடிட்டர் கவனிக்கவில்லை. அதுமட்டுமில்லை, அவ்வளவு பனியில் பேசினால் மூச்சு புகையாக வர வேண்டும். ஹீரோ வாயிலிருந்து ஒரு பொட்டு புகை வரவில்லை. அது பனியே கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டர் வேலை."

நானூற்றுப் பன்னிரண்டு பேர் திட்டினார்கள். ஆனால் மறுநாள் சேனலிலிருந்து ரேணுகா என்பவள் போன் செய்தாள். நிகழ்ச்சியை நடத்துபவள் அவள்தான்.

"உங்க பாயிண்ட் சூப்பருங்க செல்வி. ஆனா 'தப்பு'ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டா ரெண்டு மணி நேரம் லைவ்வ எப்படி ஓட்டறது? கூடவே ஒரு தியரியும் சொல்லுங்களேன்."

செல்வி அன்று சாயங்காலமே தன் கொள்கையை மடித்து வைத்துவிட்டு ஒரு தியரியைத் தயார் செய்தாள். இரண்டு விரல் என்றால் இரண்டு சூரியன். உள்ளங்கை அழுத்தினால் அஸ்தமனம். படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, ஈர்ப்பு விசைக் கணக்கோடு ஏற்றினாள். பத்தாயிரம் பேர் பார்த்தார்கள். பதினோராவது நிமிஷம் சித்தார்த்தன் வந்தான்.

"ரெண்டு சூரியன் இருந்தா ரெண்டு நெழல் விழணுமே. ஒண்ணுதான விழுது, பிசிக்ஸ் மேடம்?"

"இன்னொரு சூரியன் இன்னும் உதிக்கல."

"உதிக்காத சூரியன் எப்படி அஸ்தமிக்கும்? சரி, தலையில ஏன் அடிச்சிக்குது?"

"வெயில் தாங்காம."

"பனிக் கிரகத்துல வெயிலா?"

சிரிப்புப் பொம்மைகள் வரிசைகட்டி வந்தன. செல்விக்குக் காது சூடாகிவிட்டது. வாயைவிட விரல் வேகமாகப் போகும் காலம் இது. டைப் அடித்தாள்.

"நான் ஒண்ணும் சும்மா சொல்லலை. யூனிட்ல இருந்த ஒரு ஆளுகிட்டயே கேட்டுட்டுத்தான் சொல்றேன்."

அனுப்பிய பிறகுதான் படித்தாள். அழிப்பதற்குள் யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டான். ஒரு மணி நேரத்தில் சேனல் போஸ்டரே அடித்துவிட்டது: 'படக்குழு உறுப்பினருடன் நேரலையில் ஆரோக்கியசெல்வி! ரகசியம் உடைகிறது!' அடியில் ரேணுகாவின் மெசேஜ்: 'வேலை உங்களுக்குத்தான்னு வெச்சுக்கோங்க. ஆளை மட்டும் கூட்டிட்டு வந்துடுங்க.'

வீட்டில் அவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, உப்பளத்தில் வேலை முடித்து, அங்கேயே பாத்திக்குத் தண்ணீர் கட்டும் அப்பாவுக்கு முன்னால் அம்மா அந்தோணியம்மாள் வந்தாள். வாசலில் நின்றபடியே கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோய் சாய்த்தாள். தண்ணீர் வேண்டுமாம்.

"வாயால கேளும்மா. ஊமையா நீ?"

"பழக்கமாயிடுச்சுடி. அங்க அடிக்கிற காத்துல எவ பேச்சு எவளுக்குக் கேக்குது?" அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு மகளைப் பார்த்தாள். "மூஞ்சி ஏன் தொங்குது?"

"உனக்குப் புரியாது."

"புரியறாப்புல சொல்லேன்."

"வேற கிரகத்துக் கதைம்மா."

"அது எங்க இருக்குது?"

"ரொம்ப தூரம்."

அம்மா தலையாட்டிவிட்டு, காலிலிருந்த உப்பைக் கழுவப் போனாள். அவள் தியேட்டருக்குப் போய்ப் பதினைந்து வருஷம் இருக்கும். செல்வி உப்பளத்துக்குப் போனதே இல்லை. ஆறாம் வகுப்பில் ஒருமுறை சாப்பாட்டுத் தூக்கோடு வரப்பில் ஏறியவளை அம்மா பாதி வழியிலேயே விரட்டியடித்தாள். "படிக்கிற பொண்ணுக்கு இங்க இன்னாடி வேலை? இன்னொரு தபா கால வெச்ச, ஒடிச்சிடுவேன்." அன்றிலிருந்து உப்பளம் என்பது செல்விக்குப் பஸ் ஜன்னலில் ஓடும் ஒரு வெள்ளைக் கோடு. அவ்வளவுதான்.

கடைசியில் மாயவன்தான் கதி.

"நீ லைட் அசிஸ்டன்ட். கேமரா ஆஃப்ல இருக்கும். குரலை மட்டும் மாத்திப் பேசு. எல்லாத்துக்கும் 'செல்வி மேடம் சொல்றது கரெக்டு'ன்னு சொல்லு, போதும்."

"தொப்பி போட்டுக்கவா?"

"கேமராவே கெடையாது, தொப்பி எதுக்கு?"

"ஒரு இதுக்குத்தான்."

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி. மாயவன் தொப்பியோடு சமையலறையில் குந்தினான். செல்வி கூடத்தில் லேப்டாப்பைத் திறந்தாள். பின்சுவரில் காரை பெயர்ந்திருந்தது. அதை மறைக்க, கிரைண்டர் மேல் போர்த்தியிருந்த பளபளத் துணியை எடுத்து ஆணியில் மாட்டினாள். அவள் ஹாஸ்டலில் இருந்த காலத்தில் வீட்டுக்கு வந்த துணி அது. எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டதில்லை. இந்த வீட்டில் அவள் கேட்காதது நிறைய.

"வாவ் செல்வி!" என்றாள் திரையில் ரேணுகா. "பின்னாடி செட்டப் பிரமாதம்! வெள்ளைக் கிரகத்துல இருந்தே பேசுறாப்புல இருக்கு!"

இரண்டு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு கட்டத்தில் சித்தார்த்தன் தாடியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"யூனிட் சாருக்கு வணக்கம். வெள்ளைக் கிரகம் எங்க எடுத்தாங்க? அவங்க அதை ரகசியமா வெச்சிருக்காங்களே."

"செல்வி மேடம் சொல்றது கரெக்டு," என்றது கருப்புக் கட்டம்.

"அவங்க இன்னும் ஒண்ணுமே சொல்லலையே. எங்க சார் எடுத்தாங்க?"

"அது வந்து... ஃபாரின்."

"எந்த ஃபாரின்?"

"குளுரு ஃபாரின்."

"லைட் அசிஸ்டன்ட்தான நீங்க? அந்த சீனுக்கு என்ன லைட் போட்டீங்க?"

மாயவன் யோசித்தான். "டியூப் லைட்டு."

செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். வெளியே திடுதிப்பென்று மழை பிடித்தது. கொல்லைக் கதவு திறக்கும் சத்தம். தொடர்ந்து, இரண்டு லட்சம் பேர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு குரல்.

"யாருடா அது? அட, மாயவனா? ஜெராக்ஸ் கடைய விட்டுட்டு எங்கூட்டு அடுப்பாண்ட தொப்பி போட்டுக்கினு இன்னா பண்ற?"

கருப்புக் கட்டம் சட்டென்று மறைந்தது.

சித்தார்த்தன் நாற்காலியிலிருந்து விழுந்து விழுந்து சிரித்தான். கமெண்ட்டுகள் மழையைவிட வேகமாக இறங்கின. ரேணுகாவின் முகம் இறுகிவிட்டது.

"செல்வி, இது என்ன?"

"பொய்," என்றாள் செல்வி. இனி மறைக்க என்ன இருக்கிறது? "யூனிட் ஆளு யாரையும் எனக்குத் தெரியாது. தப்பைத் தப்புன்னு நேரா சொன்னேன், பத்தாங்கிளாஸ் ஃபெயிலுன்னீங்க. தியரி சொல்லுன்னீங்க, சொன்னேன், சிரிச்சீங்க. பொய் சொன்னதும் போஸ்டர் அடிச்சீங்க. எங்க வீட்ல எனக்கு முன்னாடி யாரும் படிச்சதில்ல, எனக்கு சிபாரிசு பண்ண ஆள் இல்ல. இந்த வேலை வேணும்னு பொய் சொல்லிட்டேன். ஆனா இப்பவும் சொல்றேன், அந்த ரெண்டு விரலுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது!"

"ஸாரி செல்வி. இந்த வேலைக்கு உங்களை எடுத்துக்க முடியாது," என்றாள் ரேணுகா. "நேயர்களே, சித்தார்த்தன் தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி அந்தக் காட்சியைக் கடைசியா ஒருமுறை பார்த்துடுவோம்."

லேப்டாப் முழுக்க வெள்ளைக் கிரகம் விரிந்தது.

சமையலறை வாசலில் அம்மா வந்து நின்றாள். வாயைத் திறக்காமல் மேலே காட்டி, விரல்களை மழையாக உதிர்த்து, சுவரில் மாட்டியிருந்த துணியைச் சுட்டினாள். விறகு நனைகிறது, துணி வேண்டும். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, எடுத்துக்கோ என்று கையைக் காட்டினாள். இனி எந்தக் காரை தெரிந்தால் என்ன?

அம்மா ஆணியிலிருந்து துணியை உருவினாள். திரும்பும்போது லேப்டாப்பில் கண் விழுந்தது. இரண்டு விரல் உயர்ந்தது. உள்ளங்கை இரண்டு முறை அழுத்தியது. தலையில் படாரென்று ஒரு அடி. தூரத்துப் புள்ளி கையை ஆட்டியது.

அம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தாள். காட்சி முடிந்து, திரையில் ரேணுகாவும் சித்தார்த்தனும் வந்துவிட்டார்கள். இருவரும் இப்போது அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நகரும்மா, லைவ் போகுது," என்றாள் செல்வி.

அம்மா நகரவில்லை.

"அடப்பாவிங்களா, உப்பு பாக்கெட்டு வெளம்பரம்னு சொல்லித்தானடி எங்க நாப்பது பேருக்கும் இந்தத் துணிய மாட்டிவுட்டானுங்க! ரெண்டாவது பாத்தி வரப்பு ஒடைஞ்சி தண்ணி போவுது, மண்ணப் போட்டு அமுக்குய்யான்னு நான் கையக் காட்டுறேன், உங்கப்பன் அங்கருந்து எனக்கு டாட்டா காட்டுறாரு. தலையில அடிச்சிக்காம வேற இன்னா பண்றது?"