ஓடினால் மணி அடிக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். எல்லோரும் என்றால் இரண்டே பேர். அதில் ஒருவருக்குப் பாதத்திலிருந்து தொடை வரை மாவுக்கட்டு, இன்னொருவர் நான். அங்கே உங்கள் வீட்டில் பெரியவர் சின்னவர் அனைவரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். அடுத்தவனை ஓடு ஓடு என்று சொல்கிறவருக்கு முழங்கால் வலி எப்படி வந்தது என்பதை மருத்துவர்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

நீங்கள் எழுதிய நாலு வரி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தங்கையைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது முதல் வரி. 'நீரெல்லாம் ஒரு மனுஷனா' என்பது கடைசி வரி. நடுவில் இருந்த இரண்டு வரிகளை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. மச்சான், தயவுசெய்து வர வேண்டாம். நடந்தது என்ன, தப்பு யாருடையது என்பதை நான் முறையாக எழுதிவிடுகிறேன். முப்பத்திரண்டு வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் விபத்துப் பிரிவில் உட்கார்ந்து, யார் கால் எப்படி உடைந்தது, அதற்கு யார் பொறுப்பு என்று குறிப்பு எழுதியே காலம் தள்ளியவன் நான். இந்த ஒரு வேலையாவது எனக்கு உருப்படியாக வரும்.

முதல் பொறுப்பு உங்களுடையது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். நான் பாட்டுக்கு ஓய்வு பெற்று, நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன். நீங்கள்தான் ஒரு ஜோடி ஓட்டப்பந்தய ஷூவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, "டவுனை விட்டு வெளியில போய்க் குடியிருங்க மாப்பிள, காத்து சும்மா கிடைக்குது, ரோடு காலியா கிடக்குது, காலையில எந்திரிச்சு ஓடுங்க, நூறு வயசு இருப்பீங்க" என்றீர்கள். நூறு வயசு வரை இருந்து என்ன செய்வது என்று நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் பஸ்ஸுக்குக்கூட ஓடியது கிடையாது. ஒரு பஸ் போனால் அடுத்த பஸ். அப்படிப்பட்டவனை இந்த அத்துவானத்தில் கொண்டுவந்து ஓட விட்டீர்கள். இங்கே ரோடு காலியாக இருப்பது உண்மைதான். அதில் நடக்கிறவன் யாரும் உயிரோடு திரும்புவதில்லையோ என்று நினைக்கிற அளவுக்குக் காலி. ஒரு சுற்று ஓடினால் ஆறு கிலோமீட்டர், அதில் ஏழு கிலோமீட்டர் ஏற்றம். மழை பெய்தால் சேறு ஷூவைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அனுப்பும். வெயில் அடித்தால் கொசு மாதிரி ஒரு பூச்சி வாய்க்குள்ளே குடும்பத்தோடு குடியேறும். சும்மா கிடைக்கிற காத்தைப் பூச்சி இல்லாமல் கொடுத்தால் ஆகாதா.

இரண்டாவது பொறுப்பு இந்த ஊர்க்காரர்களுடையது. இங்கே வீடுகள் எல்லாம் வயலுக்கு நடுவில் ஒன்று இங்கே ஒன்று அங்கே. அதனால் இவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. ரோட்டில் வளர்ந்த ஆள் ஒருவன் ஓடினால் ஏதோ ஆபத்து என்று அர்த்தம். முதலில் பார்ப்பவர் பால் டிப்போ வாசலில் தொங்குகிற தண்டவாளத் துண்டை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு, ஓடியவன் வீட்டுக்குக் கயிறு, வாளி, டிராக்டரோடு போய்ச் சேர வேண்டும். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாள் நான் உங்கள் ஷூவைப் போட்டுக்கொண்டு மூச்சு வாங்க வாங்க ஒரு சுற்று முடித்து வீட்டுக்கு வருகிறேன், வாசலில் முப்பது பேர். அடுப்படி முழுக்கத் தண்ணீர். உங்கள் தங்கை தலையில் சோப்பு நுரையோடு ஒரு போர்வைக்குள் நிற்கிறாள், இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடுங்கம்மா, மனசுக்குள்ள வெச்சுக்காதீங்க" என்கிறார்கள். நான் ஓடியது உடம்புக்காக என்றதும் டிராக்டர்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "உடம்புக்கு என்ன சார், துரத்துதா?" என்று கேட்டார்.

மறுநாளும் மணி. அதற்கு மறுநாளும். பால் கறந்தது பாதியில், விதைத்தது பாதியில் என்று ஆட்கள் வந்து நின்றார்கள். இது போதாதென்று கோழிப்பண்ணைக்காரரிடம் ஒரு நாய். மற்றவர்களை அது ஏறெடுத்தும் பார்க்காது, என் காலைக் கண்டால் மட்டும் அதற்கு ஜென்மப் பகை. தினமும் அந்த இடத்தில் நான் "காப்பாத்துங்க" என்று கத்துவேன், தினமும் மணி அடிப்பார்கள். கடைசியில் ஊரே கூடி, ஒன்று ஓடுவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் ஏதாவது வழி சொல்லுங்கள் என்றது. நான் சொன்ன வழி என்ன தெரியுமா? அலுவலகப் பாணியில் ஓர் அறிவிப்பு எழுதி, கையெழுத்துப் போட்டு, டிப்போ சுவரில் ஒட்டினேன். 'கீழே கையெழுத்திட்டவர் ஓடுவது உடல்நலத்துக்காக மட்டுமே. அவர் ஓடினால் மணி அடிக்க வேண்டாம். கத்தினாலும் பொருட்படுத்த வேண்டாம்.' என் வாழ்நாளில் நான் எழுதிய குறிப்புகளிலேயே எல்லோரும் படித்துக் கீழ்ப்படிந்தது இது ஒன்றுதான்.

நடுவில் நல்லதே நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், வாய்க்கால் மேட்டில் நிற்காமல் ஏறினேன். அறுபது வயதில், மச்சான். பனி விலகுகிறது, கீழே வயல் எல்லாம் ஈரமாகப் பளபளக்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனால் கால் வலிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த நாற்காலிக்கு வெளியே எனக்கு ஓர் உடம்பு இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் சொன்னேன். "சந்தோஷம், அந்தச் சேத்துக் காலோட உள்ள வராதீங்க" என்றாள். அவ்வளவுதான் அந்தச் சந்தோஷம்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். முந்தின நாள் காற்றில் மின்கம்பம் சாய்ந்து கரண்ட் இல்லை, செல்போன் டவரும் செத்துக் கிடந்தது. நான் வாசலில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் தங்கை முன்னறையில் ஸ்டூல் போட்டு ஏறிப் பரண்மேல் இருந்த விளக்கை எடுத்தாள். ஸ்டூல் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம். கால் திரும்பிக் கிடந்த விதத்தைப் பார்த்ததும் நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். "பயப்படாதீங்க, நர்ஸம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றாள் அவள். விழுந்தது அவள், தைரியம் சொன்னதும் அவள். இங்கே ஒரு நர்ஸம்மா உண்டு, ஆஸ்பத்திரி வண்டியும் அவர் வீட்டில்தான் நிற்கும். நான் எழுந்து ஓடினேன்.

ஓடினேன் என்றால் அப்படி ஓடினேன், "காப்பாத்துங்க, காப்பாத்துங்க" என்று கத்திக்கொண்டே. அதற்குமேல் விவரம் சொல்ல மூச்சு இல்லை. கோழிப்பண்ணைக்காரர் நாயைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு, "கட்டிப் போட்டுட்டேன் சார், நிம்மதியா ஓடுங்க" என்றார். டிராக்டர்காரர் வண்டியை ஓரங்கட்டி எனக்கு வழி விட்டுக் கை தட்டினார். பால் டிப்போ அம்மா கடிகாரத்தைப் பார்த்து, "இன்னைக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே வந்துட்டாரே, தேறிட்டாரு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒருவராவது மணியைத் தொட வேண்டுமே. நான் இரண்டாவது முறை டிப்போவைத் தாண்டும்போதுதான் அந்த அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியது. மணி அடித்தார். பிறகு ஐந்தே நிமிடத்தில் முப்பது பேர் வந்தார்கள், ஒரு கதவைக் கழற்றி அவளை அதில் கிடத்தித் தூக்கினார்கள், ஆஸ்பத்திரி வண்டி வந்தது, எல்லாம் நடந்தது. அதுவரை ஐம்பது நிமிடம் உங்கள் தங்கை தரையில் கிடந்தாள். இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. இவ்வளவு நேரம் ஆனதால்தான் வீக்கம் கூடிப்போயிற்று என்று டாக்டர் சொன்னார். அவர் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், ஏன் என்று தெரியவில்லை.

ஆகவே, பொறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்த உங்களுடையது, மணி அடிக்காத ஊருடையது, நாயுடையது, மின்சார வாரியத்துடையது. என்னைச் சொல்ல என்ன இருக்கிறது? நான் ஓடியவன். ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி ஓடுகிற பேச்சே இல்லை. அவளுக்கு வேண்டியதை நானே செய்கிறேன், தலை வாரி விடுவதுகூட ஒரு மாதிரி வந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள் என்றால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது? எனக்கு அவளை விட்டால் யாரும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீணாக அலைய வேண்டாம். இவ்வளவு தூரம் வந்து நீங்கள் பார்ப்பதற்கு இங்கே ஒன்றும் இல்லை.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு எங்கள் இருவரின் ஆசி. படிக்கிறவர்கள் படிக்கட்டும், விளையாடுகிறவர்கள் உட்கார்ந்தபடி விளையாடட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பி.கு. உறையை ஒட்டிவிட்டு மறுபடியும் பிரித்தேன். முப்பத்திரண்டு வருஷம் விபத்து வாக்குமூலம் படித்தவன், இதை என் மேசைக்கு யாராவது அனுப்பியிருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தள்ளுபடி செய்திருப்பேன். நர்ஸம்மா வீடு எங்கள் வாசலுக்கு இடது பக்கம், அடுத்த வீடு. கேட்டில் நின்றாலே பெயர்ப்பலகை தெரியும். நீங்கள் வந்தால் பார்த்துவிடுவீர்கள், அதனால்தான் வர வேண்டாம் என்று எழுதினேன். கோழிப்பண்ணை, டிப்போ, வாய்க்கால் எல்லாம் வலது பக்கம். கால் பழகின பக்கம் திரும்பிவிட்டது, நானும் கூடவே போய்விட்டேன். டிப்போ வாசலில் ஒரு நொடி நின்று விஷயத்தைச் சொல்லியிருக்கலாம், நிற்கவில்லை. வாய்க்கால் மேட்டில் ஏறி, வழக்கம்போல் கடிகாரத்தைப் பார்த்தேன். அவ்வளவு வேகமாக நான் ஒரு நாளும் ஏறியதில்லை. சந்தோஷமாக இருந்தது, மச்சான். அதற்கப்புறம்தான் எதற்கு ஓடிவந்தேன் என்பது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து டிப்போவில் நின்று நான்தான் சொன்னேன். அந்த அம்மாவுக்குச் சந்தேகம் ஒன்றும் தட்டவில்லை, சொன்ன மறு நிமிடம் மணி அடித்தார். ஊர்மேல் பிழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அவள் விழுந்து கிடந்த இடத்திலிருந்து கேட் நேராகத் தெரியும், யார் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள் என்பதும் தெரியும். அன்றைக்கு நான் கேட்டைத் தாண்டும்போது பின்னாலிருந்து என்னமோ கூப்பிட்டாள், நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொரு நாள் யோசித்து நேற்றுத்தான் கேட்டேன், என்ன சொன்னாய் என்று. "ஒண்ணுமில்ல, பாத்துப் போங்கன்னு சொன்னேன்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். அவளுக்குப் பொய் சொல்ல வராது என்பது உங்களுக்கும் தெரியும்.