தொடர்கதைக்குப் பின்பக்கம் போன ஆங்கிலப் பாடம்

மேற்குத் தாம்பரம்
ஞாயிற்றுக்கிழமை, 1971

கனம் பத்திராதிபர் அவர்கள் சமூகத்திற்கு,

வாசகன் ஜீவரத்தினம் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் மனைவி சாராள், இருவரும் உடம்பளவில் சுகம். அவ்விடம் தாங்களும், உதவியாசிரியர்களும், அச்சுக்கோப்பவர்களும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். அச்சுக்கோப்பவர்களைப் பற்றிப் பின்னால் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போவதால் இப்போதே வேண்டிவைக்கிறேன்.

தங்கள் வாரப் பத்திரிகையில் வரும் 'வீட்டிலிருந்தே ஆங்கிலம்' பாடத்தை நான் முதல் வாரத்திலிருந்து படிப்பவன். குரோம்பேட்டையில் ஓர் இரும்புச் சாமான் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க். எழுத்தில் எனக்கு இங்கிலீஷ் பயமில்லை. 'தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்யவும்' என்று எந்த ஊருக்கும் எழுதிவிடுவேன். வாயைத் திறந்தால்தான் சங்கடம். எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்று என்ற பாஷையில் எந்த எழுத்தை நம்புவது? தங்கள் ஒன்பதாம் பாடத்தில் ஊமை எழுத்துக்களைப் பற்றிப் படித்தபோது எங்கள் ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது. கே என்ற எழுத்து கத்தியைக் குறிக்கும் 'நைஃப்' என்ற சொல்லுக்கு முன்னால் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது, ஒரு வேலையும் செய்வதில்லை, ஆனால் அதை நீக்கினால் தப்பாம். பத்தாம் பாடத்தில் ஒரு விதி சொன்னீர்கள். பதினோராம் பாடம் முழுக்க அந்த விதிக்கு அடங்காதவை. இருந்தாலும் விடாமல் படித்தேன்.

இந்த மாதம் கம்பெனிக்குப் புது மானேஜர் வந்திருக்கிறார், பம்பாய்க்காரர், தமிழ் ஒரு சொல் தெரியாது. ஒவ்வொரு கிளார்க்கையும் கூப்பிட்டு இங்கிலீஷில் பேசிப் பார்ப்பாராம். பேசுகிறவன் இங்கே இருக்கலாம், பேசாதவன் விசாகப்பட்டினத்தில் திறக்கும் புது கோடவுனுக்குப் போய்ச் சாமான் எண்ணவேண்டும். அங்கே தெலுங்கு வேண்டும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. சாராள் இங்கே மிஷன் பள்ளியில் டீச்சர். வேலையை விட்டுவிட்டு வரமுடியாது. ஆகவே நான் தோற்றால் ஆளுக்கொரு ஊர். எனக்கு முறை நாளைக் காலை.

நோட்டீஸ் வந்த அன்றே பழைய பாடங்களைப் புரட்டலாம் என்று அலமாரியைத் திறந்தேன். பத்திரிகைகள் இருந்தன, பாடங்கள் இல்லை. பக்கங்கள் அடியோடு கிழிக்கப்பட்டிருந்தன. விஷயம் என்னவென்றால், தங்கள் அச்சுக்கோப்பவர்கள் தொடர்கதையை ஒரு பக்கத்திலும், அதன் பின்பக்கத்தில் என் பாடத்தையும் போட்டிருக்கிறார்கள். கதை முடிந்ததும், எல்லா வீட்டுப் பெண்களையும் போலச் சாராளும் எல்லா வாரத்துப் பக்கங்களையும் கிழித்துச் சேர்த்துப் பைண்டு பண்ணிவிட்டாள். என் பாடம் கதாநாயகி மஞ்சரியின் முதுகில் ஒட்டிக்கொண்டு பைண்டிங்குக்குள் போய்விட்டது.

"புஸ்தகம் எங்கே?" என்றேன். பக்கத்து வீட்டு அபிதகுஜாம்பாள் மாமி வாங்கிப் போயிருக்கிறாராம். மாமியிடம் போனால், "நாத்தனார் சரளா கேட்டா சார், குடுக்காம இருக்க முடியுமா? பொழிச்சலூர்ல இருக்கா" என்றார். நேற்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வெயிலில் சைக்கிளை மிதித்தேன். தலைக்கு மேல் விமானம் ஒன்று இறங்கியது. விசாகப்பட்டினத்துக்கு ஆள் எடுக்க வந்ததுபோல் இருந்தது எனக்கு.

சரளாம்மாள் நல்லவர்தான். ஆனால் புத்தகத்தைக் கையைவிட்டு இறக்கமாட்டேன் என்கிறார். "இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. அவசரம்னா இப்படி உக்காந்து உங்க பக்கத்தைப் பாத்துக்கோங்கோ" என்றார். வேறு வழியில்லை. மேஜைமேல் புத்தகம், வலது பக்கம் கதை அவருக்கு, இடது பக்கம் பாடம் எனக்கு. கதை வேகத்தில் அவர் தாளைத் திருப்புகிறார். நான் ஒரு வார்த்தையைப் பிடிப்பதற்குள் அடுத்த பாடம் வந்துவிடுகிறது. 'கொஞ்சம் நில்லுங்கள்' என்றால், "இப்ப நிக்க முடியாது சார், புருஷன் வடக்கே போறான்" என்கிறார். சில இடங்களில் அவர் நிறுத்தினார், ஆனால் அழுவதற்காக நிறுத்தினார். அந்த நேரம் பார்த்து அவர் கணவர் ஏகநாதன் ஆபீசிலிருந்து வந்துவிட்டார். வாசற்படியில் நின்று என்னைப் பார்த்தார், அழுகிற மனைவியைப் பார்த்தார்.

"யார் சார் நீங்க?"

"தாம்பரம். இங்கிலீஷ் பாடம் படிக்க வந்தேன்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், அவர் முகம் இன்னும் கறுத்தது.

"இவ எதுக்கு அழறா?"

"விட்டுட்டுப் போறானே, நான் என்ன பண்ணுவேன்" என்றார் சரளாம்மாள், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

அதன் பிறகு அவருக்கு விஷயத்தை விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. தமிழிலேயே இந்தக் கதி.

ஐயா, இத்தனை பட்டும் பிரயோஜனமில்லை. பாடத்தில் முதலில் இங்கிலீஷ் சொல், அடுத்து அர்த்தம், வலது ஓரத்தில் தமிழில் உச்சரிப்பு. அந்த வலது ஓரம் முழுக்கத் தையலுக்குள் போய்விட்டது. விரலால் பிளந்து பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்து மட்டும் தெரிகிறது. சி, ஓ, எல், ஓ என்று தொடங்கும் ஒரு ராணுவ உத்தியோகத்துக்கு நேரே 'க' என்றிருக்கிறது. 'கொ' என்றிருந்தால் நம்பியிருப்பேன். 'க' எங்கிருந்து வந்தது? திரும்பும் வழியில் பைண்டர் துளசிங்கத்தின் கடையில் நின்று, தையலைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். "பிரிச்சா புக்கு பூடும் சார். இன்னா சார் நீ, இங்கிலீசு தெரியணும்னா இஸ்கோலுக்குப் போ, பைண்டிங்க ஏன் பேஜார் பண்றே" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் சாராளிடம் கேட்டேன், புத்தகத்தை வாங்கிப் பிரித்துவிடலாம் என்று. "அடுத்து புஷ்பம் டீச்சருக்குத் தர்றேன்னு சொல்லியிருக்கேன். ஒரு நாள் பேச்சுக்காக முழுக் கதையையும் கிழிக்கணுமாங்க?" என்றாள். எனக்கு வெயில், பசி, ஏகநாதன் பார்த்த பார்வை, எல்லாம் சேர்ந்துகொண்டது. "உன் கதையாலதான் நான் விசாகப்பட்டினம் போறேன். போனா எனக்கும் நிம்மதிதான்" என்று சொல்லிவிட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நேற்றிலிருந்து ஒன்றுமே சொல்லவில்லை. இன்று கோயிலில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பாடினோம். அவள் தன் பக்கத்தை மட்டும் பார்த்தாள்.

ஆகவே ஐயா, இனிமேல் பாடத்தை வடகம் விளம்பரத்துக்குப் பின்னால் போடவும். அதை யாரும் பைண்டு பண்ணுவதில்லை. தொடர்கதை போடுவதையே முடிந்தால் நிறுத்திவிடவும். இக்கடிதம் தங்கள் கைக்கு வருமுன் நாளைய பேட்டி முடிந்துபோயிருக்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். வீட்டில் பேச ஆளில்லை. பயமாக இருக்கிறது.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் கர்த்தர் நீடித்த ஆயுளையும், அச்சுக்கோப்பவர்களுக்கு நல்ல புத்தியையும் அருள்வாராக.

தங்கள் பத்திரிகையின் ஒரு பக்கத்தை மட்டும் படிக்கும்,
ஜீ. ஜீவரத்தினம்

பி.கு.: திங்கள் மாலை. காலையில் போட மறந்த கடிதம் சட்டைப்பையிலேயே இருந்ததால் இதையும் எழுதுகிறேன். மேலே உள்ள புகார்களைத் தயவுசெய்து ரத்து செய்துகொள்ளவும். மானேஜர் கேட்டது ஒரே கேள்வி: உன்னை ஏன் இங்கே வைத்துக்கொள்ள வேண்டும்? தயார் செய்து வைத்திருந்த பதிலில் ஒரு சொல்கூட வாயில் வரவில்லை. வந்ததைச் சொன்னேன். "சார், மை ஒய்ஃப் இஸ் ஹியர். வித்தவுட் ஹர் ஐ கெனாட்." எதை கெனாட் என்று முடிக்கத் தெரியவில்லை, நிறுத்திவிட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ நீளமாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது 'ஸ்டே' ஒன்றுதான், அது போதுமாயிருந்தது. வீட்டுக்கு வந்து சாராளிடம் நடந்ததைச் சொன்னேன். "அப்படியேவா சொன்னீங்க?" என்றாள், இரண்டு நாளைக்கு அப்புறம் முதல் பேச்சு. அப்படியேதான் என்றேன். துடைத்த டம்ளரையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"இத்தனை வருஷத்துல தமிழ்ல ஒரு தடவை சொல்லியிருக்கலாமில்ல."