புகையோடு இறங்கிய சம்மனசு

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். சிகரெட் தீர்ந்துபோனால் மனிதனே பறப்பான். சும்மா சொல்லவில்லை, நானே பறந்திருக்கிறேன். (கயிற்றில் கட்டித்தான். இருந்தாலும் பறந்தது பறந்ததுதானே.)

அப்போது எனக்கு நிக்கோபாரில் உள்ள கட்சால் தீவில் குமாஸ்தா உத்தியோகம். மனைவி சரளா போர்ட் பிளேரில், கராச்சர்மா பகுதியில் எங்கள் வீட்டில் இருந்தாள். அவளைப் பொறுத்தவரை நான் கல்யாணத்தோடு புகையை விட்டவன். நடுவில் இவ்வளவு கடல் கிடக்கும்போது அந்த நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

அந்த டிசம்பரில் கடல் கெட்டுப்போய், போர்ட் பிளேரின் ஹேடோ துறைமுகத்திலிருந்து வரவேண்டிய கப்பல் இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே போனது. முதலில் தக்காளி தீர்ந்தது. யாரும் கவலைப்படவில்லை. அடுத்து வெங்காயம். அதற்கும் சமாளித்தோம். பிறகு சிகரெட். (தீவில் உண்மையான நெருக்கடி அன்றுதான் ஆரம்பம்.) பக்கத்து மேஜை தாஸ் பாபுவும் நானும் அலுவலக வாசலில் எங்கள் பழைய துண்டுகளையே பொறுக்கிக் குடித்தோம். அதுவும் முடிந்ததும் டீத்தூளைக் காகிதத்தில் சுருட்டி இழுத்தோம். தாஸ் பாபு இருமிய இருமலைக் கேட்டு மேலதிகாரி மனு இல்லாமலே மெடிக்கல் லீவு கொடுத்தார். காய்ந்த பப்பாளி இலையையும் முயன்றோம். அதைப் பற்றி எழுதுவதற்கில்லை.

இந்த நிலையில்தான், அந்தோணி அண்ணன் வீட்டில் உடைக்காத பாக்கெட் ஒன்று இருப்பதாகக் காதில் விழுந்தது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரர், இங்கே படகு வைத்து மீன் பிடிப்பவர். புகைக்காதவர். யாரோ கப்பல்காரர் அன்பாகக் கொடுத்ததை அலமாரியில் சும்மா வைத்திருந்தார். மாதா கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆசிரியர், இயக்குநர் எல்லாம் அவரே. நான் போய் விஷயத்தைச் சொன்னதும் என்னை உச்சி முதல் பாதம் வரை அளந்தார்.

"கபிரியேல் சம்மனசுக்கு ஆள் இல்ல சார். வேஷங் கட்டுத பய கமோர்ட்டா தீவுல மாட்டிக்கிட்டான், போட் ஓடாம பந்த். ஒங்கள மாதிரி எடை இல்லாத ஆளத்தான் தேடுதேன்."

தேவதூதன் வேஷம் கட்டச் சொன்னவரிடம் என் பெயர் சண்முகம் என்பதை நினைவுபடுத்தினேன்.

"பேர விடுங்க. கயிறு தாங்கணும், அதான் முக்கியம்."

ஒப்பந்தம் முடிந்தது. நாடகம் முடிந்ததும் பாக்கெட், அட்வான்ஸாக இப்போதே ஒரு சிகரெட். வசனமும் ஒரே வரிதான். உண்மையைச் சொன்னால், அந்த அட்வான்ஸுக்கு நான் கழுதை வேஷமும் கட்டியிருப்பேன்.

நாடகத்தன்று சாயங்காலம், மேடைக்குப் பின்னால் பாக்குமரம் நட்டுக் கட்டிய பரணில் என்னை ஏற்றினார்கள். முன்னால் ஒரு நீலப் புடவை, அதுதான் வானம். இடுப்பில் படகுக் கயிறு. முதுகில் அட்டை இறக்கைகள், அவற்றின்மேல் தலையணைப் பஞ்சைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் இறக்குவதாகச் சொல்லி அந்தோணி அண்ணன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் பாட்டு முடியவில்லை. தமிழில் பாடினார்கள், ஹிந்தியில் பாடினார்கள், பிறகு நிக்கோபாரி மொழியில் ஆரம்பித்தார்கள். அட்வான்ஸ் சிகரெட் என் காதிடுக்கில் இருந்தது. சம்மனசுக்கும் பொறுமைக்கு ஓர் எல்லை உண்டல்லவா. பற்றவைத்தேன்.

அந்த முதல் இழுப்பில் எனக்கு நிஜமாகவே மோட்சம் தெரிந்தது.

புகை புடவைக்கு மேலே எழுந்து நாசரேத்தூர் மீது மெல்லப் பரவியது. கூட்டத்தில் கைதட்டல். என்ன அருமையாக மேகம் காட்டுகிறார்கள் என்று யாரோ ஹிந்தியில் மெச்சினார்கள். கலைஞனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இன்னும் இரண்டு மேகங்கள் விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பாட்டு சட்டென்று நின்று, கயிறு வெடுக்கென்று இழுபட்டது. பதறிப்போய், சிகரெட் பிடித்த கை கல்யாணமான ஆண்பிள்ளையின் கை எங்கே போகுமோ அங்கே போனது: முதுகுக்குப் பின்னால். அங்கேதான் பஞ்சு இருந்தது.

நான் இறங்க இறங்கக் கூட்டம் "ஆ" என்றது. என் தேஜஸைப் பார்த்துத்தான் என்று நினைத்துக்கொண்டேன். கீழே அந்தோணி அண்ணனின் மகள் ஸ்டெல்லா, மரியாளாகத் தண்ணீர்க் குடத்தோடு முழந்தாளிட்டிருந்தாள்.

"அஞ்சாதே மரியே" என்றேன், கணீரென்று.

மரியாள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் அஞ்சல சார். ஒங்க றெக்கதான் எரியுது."

அதன்பிறகுதான் முதுகு சுட்டது. நான் அந்தரத்தில் காலை உதறினேன். அந்தோணி அண்ணன் பதற்றத்தில் கயிற்றை மாற்றி இழுக்க, சம்மனசு எரிந்துகொண்டே மறுபடி பரலோகத்துக்கு ஏறியது. மேலே போகும்போது காற்று விசிறியது, கீழே வரும்போது இன்னும் நன்றாக விசிறியது. ஸ்டெல்லா மட்டும் பதறவில்லை. நான் கைக்கெட்டும் உயரத்துக்கு வரும்வரை காத்திருந்து, குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் முதுகில் ஒரே வீச்சாக ஊற்றினாள்.

அடுத்து எழுந்த கைதட்டலில் மேடையே ஆடியது. தாஸ் பாபு பின்வரிசையிலிருந்து "ஏக் பார் அவுர்" என்று இன்னொரு தடவை கேட்டுக் கத்தினார். (நண்பர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.) எனக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. வெந்தது மானம் மட்டும்தான்.

பாக்கெட் போனதென்றே நினைத்தேன். ஆனால் அந்தோணி அண்ணன் தேடி வந்து என் ஈரக் கையில் திணித்தார். "நம்ம நாடகத்துக்கு இம்புட்டுக் கைதட்டு விழுந்ததே இல்ல சார். அடுத்த வருசமும் நீங்கதான். கொடம் மட்டும் ரெண்டு வச்சிருவோம்." அடுத்த வருடம் எனக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆனாலும் அங்கே கபிரியேல் புகை இல்லாமல் வந்தால் இப்போதும் ஜனங்கள் ஒத்துக்கொள்வதில்லையாம். தேங்காய் மட்டையை மூட்டுகிறார்கள் என்று கேள்வி.

கப்பல் வந்தது. நான் விடுப்பில் கராச்சர்மா போய்ச் சேருமுன், யாரோ ஒருவருடைய போனில் ஏறி என் வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது. கதவைத் திறந்த சரளா, "சம்மனசு சார், உள்ள வாங்க" என்றவள், சிரிப்பை அடக்க முடியாமல் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபம் மறுநாள் காலையில்தான் வந்தது. வந்தபோது முழுதாக வந்தது.

சிகரெட்டை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஆனால் எங்கள் வீட்டில் நான் யாருக்கும் தைரியம் சொல்ல முடிவதில்லை. போன மாதம் மகள் பரீட்சைக்குக் கிளம்பும்போது வாய் தவறிப் "பயப்படாதே" என்றுவிட்டேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"ஒரு நிமிஷம் திரும்பி நில்லுங்கப்பா" என்றாள். திரும்பினேன். என் முதுகை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள்.

"சரி, இப்ப பயமில்ல" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.