நான்கு அந்நியர்களும் ஒரு மேஜைவிரிப்பும்

இரண்டாவது வரிசைக் குடைக்குக் கீழே, கடலைப் பார்த்தபடி, அன்று காலை இருந்தவர்கள் நால்வர். இடது ஓரச் சாய்வு நாற்காலியில் தூயிலியோ, ஓய்வு பெற்ற ரயில்வே டிக்கெட் பரிசோதகர். அவர் பக்கத்தில் மனைவி நீவெஸ், மடியில் கடிதத்தாள் கட்டு. அடுத்த நாற்காலியில் தோழி ஓர்னெல்லா. நிழல் கொஞ்சமும் விழாத வலது ஓரத்தில், வெயில் உடம்புக்கு நல்லது என்று நம்பும் ஓர்னெல்லாவின் அண்ணன் ஃபெர்ரூச்சோ, வேகவைத்த நண்டின் நிறத்தில்.

கடிதத்தாளில் “அன்புள்ள லிவியா” என்று இருந்தது. அதற்குக் கீழே கடற்கரை மணல் மட்டும் இருந்தது.

“நாலு நாளா அந்த ரெண்டு வார்த்தைதான் இருக்கு. லிவியா நல்லாயிருக்கியான்னு கேட்டா பேனா என்ன தேஞ்சா போயிடும்?” என்றார் தூயிலியோ.

“நீ சும்மா இரு. உனக்கு என்ன, நீ போய்க் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வந்துட்ட.”

விஷயம் இதுதான். மகள் லிவியா வசந்தத்தில் டூரினில் கல்யாணம் செய்துகொண்டாள். தேவாலயத்தில் அல்ல, நகராட்சி அலுவலகத்தில். “பாதிரியார் இல்லாத கல்யாணத்துக்கு நான் வரமாட்டேன்” என்று நீவெஸ் சொல்லிவிட்டாள். சொன்னபடியே போகவும் இல்லை. அன்றிலிருந்து தொலைபேசியில் மகள் அப்பாவிடம் மட்டும்தான் பேசுகிறாள். அம்மா எடுத்தால், “அப்பா இருக்காரா?” என்ற ஒரே கேள்வி.

“வெறும் கடிதாசி போதாதுடி,” என்றாள் ஓர்னெல்லா. “கையில ஏதாவது இருக்கணும். இன்னைக்குச் சந்தை. போன வாரம் நீ தடவித் தடவிப் பார்த்தியே, அந்த மேஜைவிரிப்பு?”

நீவெஸ் நிமிர்ந்தாள். துரு நிற அச்சில் ஓரமெல்லாம் திராட்சைக்கொத்து ஓடும் கனத்த லினன் துணி. அது மாதிரி ஒன்றை லிவியா சிறுமியாக இருந்தபோது காப்பியைக் கொட்டிப் பாழாக்கிவிட்டு, மேஜைக்கடியிலேயே உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

“அவன் சொல்ற விலை யானை விலை,” என்றார் தூயிலியோ.

“அதுக்குத்தானே நாம நாலு பேர் இருக்கோம்,” என்று ஃபெர்ரூச்சோ எழுந்து மணலைத் தட்டினார்.

வருடா வருடம் அவர்கள் சந்தைக்குப் போகும் முறை அது. வாசல்வரை ஒன்றாகப் போவார்கள். உள்ளே நுழைந்ததும் ஒருவரையொருவர் தெரியாது. முதலில் ஃபெர்ரூச்சோ பொருளைப் பார்த்து முகம் சுளிப்பார். பிறகு ஓர்னெல்லா வந்து, அடுத்த கடையில் மலிவு என்பாள். தூயிலியோ சும்மா நின்றாலே போதும். டிக்கெட் இல்லாதவனைப் பார்க்கும் அந்தப் பார்வைக்கே கடைக்காரர்கள் கொஞ்சம் தளர்ந்துவிடுவார்கள். கடைசியில் நீவெஸ் வந்து, பாவம் பார்ப்பவள்போல வாங்கிக்கொள்வாள். தர்பூசணி, செருப்பு, ஒரு தடவை சைக்கிள்கூட இப்படி வாங்கியிருக்கிறார்கள்.

அன்றைக்கும் எல்லாம் முறைப்படிதான் தொடங்கியது.

ஃபெர்ரூச்சோ விரிப்பின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். “என்னய்யா இது, ரெண்டு தடவை துவைச்சா திராட்சையெல்லாம் உலர்ந்துடும் போலிருக்கே.”

கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள், பச்சைத் தொப்பி போட்ட ஓர் அம்மாள் கூட்டத்திலிருந்து வந்தாள். “துணியைப் பத்தித் தெரியாதவங்க பேசக்கூடாது சார். இது கையால அச்சடிச்சது. நான் எடுத்துக்கறேன், மடிச்சுக் குடுங்க.”

ரொட்டிக் கடை மறைவில் நின்ற நீவெஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓர்னெல்லா தன் முறைக்குக் காத்திராமல் பாய்ந்தாள்.

“ஐயோ அம்மா, ஏமாந்துடாதீங்க! போன வாரமே பார்த்தேன், நடுவுல ஓட்டை!”

“ஓட்டையா?” கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. விரிப்பை உதறி, ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார். “வாங்கம்மா, எல்லாரும் வாங்க! என் துணியில ஓட்டை எங்கே, காட்டுங்க!”

காலை வெயில் பின்னாலிருந்து விழ, திராட்சைக்கொத்துகள் பளிச்சென்று தெரிந்தன. அதுவரை தக்காளி வாங்கிக்கொண்டிருந்த பெண்களெல்லாம் தக்காளியை விட்டுவிட்டு வந்தார்கள். ஓட்டை இல்லை. ‘அடடா’ என்ற பெருமூச்சுதான் கிளம்பியது.

“அழகா இருக்கே! விலை என்ன?” என்று மூன்று பேர் கேட்டார்கள்.

நிலைமை கைமீறுவதைத் தூயிலியோ பார்த்தார். திட்டத்தில் அவருக்கு வசனமே கிடையாது. ஆனாலும் முன்னே போய், “இது எனக்கு. நான் முதல்லயே பார்த்துட்டேன். சொன்ன விலையைத் தரேன்,” என்றார்.

“நான் அதுக்கு மேல ஐயாயிரம் லீரா தரேன்,” என்றது பச்சைத் தொப்பி.

தூயிலியோவின் காது சிவந்தது. வாழ்நாளில் ஏலத்தில் நின்றிராத மனிதர். “ஏழாயிரம்!”

நீவெஸ் பதறி ஓடிவந்தாள். அந்நியர் வேஷத்தைக் கலைக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. விரிப்பு எப்படியாவது தன் கைக்கு வந்தால் சரி என்று, “பத்தாயிரம்!” என்று கத்தினாள்.

“பன்னிரண்டு!” என்றார் கணவர், திரும்பிப் பார்க்காமலே.

நீவெஸ் அவர் முழங்கையில் நன்றாகக் கிள்ளினாள்.

“என்னம்மா நீங்க!” என்று தூயிலியோ துள்ளினார். நாடகத்தில் அவ்வளவு தூரம் ஊறிப்போயிருந்தார். “முன்னப்பின்ன தெரியாத ஆம்பிளையைக் கிள்ளுறீங்க? எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு!”

கூட்டம் சிரித்தது. தக்காளிக்காரர் கடையை விட்டுவிட்டே வந்து, “பாவம், அந்தம்மாவுக்கும் ஒரு வாய்ப்பு குடுங்க சார்!” என்றார். ஃபெர்ரூச்சோ தலையில் கையை வைத்துக்கொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பச்சைத் தொப்பி விரிப்பின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தாள். “பதினஞ்சு. முடிஞ்சுது.”

நீவெஸ் மறுமுனையைப் பிடித்தாள். விடவில்லை.

“விடுங்கம்மா. உங்களுக்கு எதுக்கு இது? மேஜைக்குப் போட வீட்டுல வேற துணி இல்லையா?”

“மேஜைக்கா?” நீவெஸின் குரல் உடைந்தது. “என் பொண்ணுக்குங்க! ஒரே பொண்ணு. அவ கல்யாணத்துக்கு நான் போகல. பாதிரியார் இல்லேன்னு போகல. மத்தியானம் பூரா அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன், இந்நேரம் மோதிரம் மாத்தியிருப்பா, இந்நேரம் சாப்பிட உட்கார்ந்திருப்பாங்கன்னு. ஒரு வீம்பு. இப்ப எழுத உட்கார்ந்தா அவ பேரைத் தாண்டி ஒரு வார்த்தை வரமாட்டேங்குது. இதையாவது அனுப்பினா அவ பிரிச்சுப் பார்ப்பா இல்லையா? பிரிச்சுப் பார்ப்பாதானே?”

சிரிப்பு அடங்கிவிட்டது. தூயிலியோ வேஷத்தை மறந்து மனைவியின் தோளில் கை வைத்தார். “அட, கிள்ளினவங்களையே கட்டிக்கிட்டார்!” என்று யாரோ வியந்ததை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

பச்சைத் தொப்பி அம்மாள் விரிப்பை விட்டாள். மூக்கை உறிஞ்சினாள். கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், தொப்பியைக் கழற்றி அதிலேயே கண்ணைத் துடைத்தாள்.

“அவங்களுக்கே குடுங்க. முதல்ல சொன்ன விலைக்கே.”

“என்னது?” என்றார் கடைக்காரர், வாய் பிளந்து.

“குடுங்கன்னு சொல்றேன்ல!”

அவர் எச்சிலை விழுங்கிக்கொண்டு மடித்துக் கொடுத்தார். பணத்தை வாங்கும்போது அவர் கண் நீவெஸ்மேல் இல்லை. தொப்பியை மூக்கில் வைத்துக்கொண்டு நடந்து போகிறவள்மேல் இருந்தது.

அன்று பிற்பகல் குடைக்குக் கீழே நீவெஸ் எழுதினாள். மேஜைவிரிப்பு வந்த கதையை எழுதினாள். அப்பா ஏலம் கேட்டதை எழுதினாள். கிள்ளியதை எழுதியபோது தானே சிரித்துவிட்டாள். அடுப்படியில் உட்கார்ந்திருந்த மத்தியானத்தையும் எழுதினாள். “இதில் நீ தாராளமாகக் காப்பி கொட்டலாம். இலையுதிர்காலத்தில் நாங்கள் வந்தால் எங்களுக்கும் ஒரு கோப்பை ஊற்றுவாயா?” என்று முடித்தாள். தாள் போதாமல் பின்பக்கத்துக்கும் போயிற்று.

மறுநாள் காலை, தபால்தலையும் விற்கும் சிகரெட் கடைக்கு நால்வருமாகப் போனார்கள். இந்தத் தடவை ஒருவரையொருவர் தெரிந்தவர்களாகவே. கடைக்காரப் பெண் பொட்டலத்தை எடைபோட்டாள். நீவெஸ் உறையின் பசையை நாக்கால் ஈரமாக்கி, ஒட்டி, இரண்டு தடவை அழுத்தித் தடவி, பொட்டலக் கயிற்றுக்கடியில் செருகினாள்.

“பொண்ணுக்கா?” என்றாள் கடைக்காரப் பெண், தபால்தலையை ஒட்டியபடி.

“ஆமாம்மா. இது கிடைச்சதே ஒரு புண்ணியவதியால. சந்தையில பச்சைத் தொப்பி போட்டுக்கிட்டு ஒரு அம்மா, எனக்காக விட்டுக்குடுத்தாங்க. யாருன்னு தெரிஞ்சா ஒரு நன்றி சொல்லணும்.”

கடைக்காரப் பெண் கடிதத்தோடு சேர்த்துப் பொட்டலத்தைத் தபால் பைக்குள் போட்டுவிட்டு, நீவெஸை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அட, அது நீங்கதானா? அவங்க எங்க அண்ணிங்க, அந்தத் துணிக்கடைக்காரர் சம்சாரம். கூட்டத்துல நின்னு விலையை ஏத்திவிடறதுதான் அவங்க வேலை, வேலை நேரத்துல போய் அழுதுட்டாளேன்னு எங்கண்ணன் நேத்துலேருந்து தலையில அடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு!”