கறள் அங்கிள் வாங்கிய வாள்

மட்டக்களப்பில் எல்லோரும் ஆயுதம் நிஜமாக இருந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த காலத்தில், அது போலியாக இருந்துவிடுமோ என்று பயந்த ஒரே மனிதர் கறள் அங்கிள்தான்.

போர் முடிந்த மறுவருடம் நான் நகரத்தில் ஒரு நெட் கஃபே திறந்தேன். வெளிநாட்டுப் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பேச அம்மாமார் வருவார்கள். பரீட்சை முடிவு பார்க்க மாணவர்கள் வருவார்கள். பழைய வாள் பார்க்க இவர் வருவார். கச்சேரி என்று நாங்கள் சொல்லும் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர், போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. படத்தைத் திரையிலேயே பெரிதாக்கலாம் என்று எத்தனை தடவை காட்டிக்கொடுத்தும் கேட்கமாட்டார். கண்ணாடியைத் திரையில் ஒட்டவைத்து, மூக்கையும் ஒட்டவைத்துத்தான் பார்ப்பார். அவர் எழுந்து போனதும் திரையைத் துடைப்பது என் தினசரிக் கடமை.

துருவை எங்கள் ஊரில் கறள் என்போம். எந்த வாளிலும் அவர் முதலில் பார்ப்பது அதைத்தான். பெயரும் அப்படி வந்ததுதான்.

“இஞ்ச பாரு மனே, கறள் எல்லா இடமும் ஒரே மாதிரிக் கிடக்கு. உண்மையான பழசு எண்டா கை படுற இடம் தேஞ்சு மினுங்கும், இடுக்குக்குள்ளதான் கறள் ஏறும். இது அசிட்டில குளிச்ச வாள்.”

கறளுக்குப் பிறகு பிடி. பித்தளைப் பிடியின் ஓரத்தில் மெல்லிய கோடு ஓடினால், அச்சில் ஊற்றிய நகல் என்பார். கண்டி ராசாவின் தளபதி ஏந்திய வாள் என்று ஒருவன் விளம்பரம் போட்டிருந்தான். அதன் பிடியில் தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்க்ரூ இருந்தது. “தளபதி ஸ்க்ரூட்ரைவரும் கொண்டுதான் சண்டைக்குப் போனவரோ?” என்று அவனுக்கே எழுதிக் கேட்டார். உலகத்தில் இது ஒன்றே ஒன்றுதான் என்ற வாளை, அதே கீறலோடு வேறு நாலைந்து பேர் விற்பதைத் தேடிப் பிடித்து, அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைத்தார். பிடியின் அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார். அனுப்பாதவன் கள்ளன். அனுப்பியவன் கெட்டிக்காரக் கள்ளன். விற்பனைத் தளங்கள் அவரை ஒவ்வொன்றாக வெளியேற்றின. நான் வேறு வேறு பெயரில் மறுபடி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், இணையத்தில் வாங்கிய சுல்தான் காலத்துக் கத்தியைப் பட்டுத்துணியில் சுற்றி, எங்கள் கடைக்கே கொண்டுவந்தார். அங்கிள் அதைத் தட்டினார், முகர்ந்தார், கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“பழசுதான் ஹாஜியார்.”

“அல்ஹம்துலில்லாஹ்!”

“போன கிழமைப் பழசு.”

“என்ன அங்கிள் சொல்றீங்க! கண்ணாடிப் பெட்டியெல்லாம் செய்விச்சுப் போட்டன்!”

“பெட்டி அருமையான பெட்டியா இருக்கும். அதுக்குள்ள வேற ஏதும் வையுங்க.”

ஹாஜியார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு அவரைக் கேட்காமல் ஒரு பேனாக்கத்திகூட வாங்கவில்லை.

இத்தனை பார்த்தும் அங்கிள் மட்டும் எதையும் வாங்குவதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். டச்பார் கடற்கரையில் அவர்கள் வீட்டுச் சுவரில் ஒரு வாள் தொங்கியதாம். பூட்டனுக்குப் பூட்டன் போர்த்துக்கல்லிலிருந்து கப்பலில் கொண்டுவந்ததாம். சுனாமி அதைக் கொண்டுபோய்விட்டது. “அதுக்கு ஈடா உண்மையானது ஒண்டு கிடைச்சாத்தான் வாங்குவன்” என்றார். அதே அலை அவருடைய மனைவியையும் கொண்டுபோனது ஊருக்கே தெரியும்.

ஒருநாள் கொழும்பு வியாபாரி ஒருவனின் விளம்பரம் வந்தது. போர்த்துக்கேயக் கப்பல் தலைவனின் வாள், கிழக்குக் கரையில் கண்டெடுத்தது. அங்கிள் கண்ணாடியை வைத்தார். வைத்தபடியே இருந்தார். திட்டவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். பிடியில் அச்சுக் கோடு பளிச்சென்று தெரிந்தது. கூட்டல் குறி ஸ்க்ரூவும் இருந்தது.

“அங்கிள், இது போலியெல்லோ?”

“ஓம் மனே. சுத்தப் போலி.” கண்ணாடியை எடுக்காமலே சொன்னார். “வேற ஆரும் வாங்கமுந்தி, எனக்கெண்டு சொல்லி எழுது.”

பஸ்ஸில் வந்த பொதியைச் சோதனைச் சாவடியில் பிரித்துவிட்டார்கள். பொதியில் இருந்தது என் கடை விலாசம். அந்த நாளில் மட்டக்களப்புக்கு ஒருவன் வாள் வரவழைப்பது விளையாட்டுக் காரியமில்லை. பொலிசுக்குக் கூப்பிட்டபோது என் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். நான் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். அங்கிள் மட்டும் பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“இது ஆயுதமில்ல சேர்” என்று இன்ஸ்பெக்டரின் கையில் கண்ணாடியைக் கொடுத்தார். “இந்தக் கோட்டப் பாருங்க, அச்சில ஊத்தினது. இந்த ஸ்க்ரூவப் பாருங்க. இந்த வாளவிட எனக்கு வயசு கூட.”

இன்ஸ்பெக்டர் சிங்களவர், ஆனால் தமிழ் நன்றாகப் பேசுவார். ஒரு தாளை எடுத்து வாளால் வெட்டிப் பார்த்தார். தாள் கசங்கியது, வெட்டுப்படவில்லை. சிரித்துவிட்டார்.

“போலி எண்டு தெரிஞ்சும் ஏன் அங்கிள் வாங்கினீங்க?”

அங்கிள் பிடியில் சுற்றியிருந்த கம்பியைத் தொட்டார்.

“இது எங்கட வீட்டு வாள் சேர், சுனாமியில போனது. நான் சின்னனா இருக்கக்குள்ள அப்பா கொண்டந்து கொழுவி, பூட்டன்ட வாள் எண்டவர், நானும் நம்பித்தான் இருந்தன். என்ட மனிசி இதால மாங்காய் தட்டப் போய்ப் பிடி ஆடிப்போச்சு. என்ட மாண்டலின் கம்பியக் கழட்டி அவதான் இப்பிடிச் சுத்தினவ. முடிச்சுப் போடத் தெரியாது, பாருங்க. பூட்டன்ட வாளைப் பழுதாக்கிப் போட்டாய் எண்டு நான் அண்டைக்கு நல்லா ஏசினன்.”

இன்ஸ்பெக்டர் வாளைத் தானே காகிதத்தில் சுற்றி, கயிறு கட்டிக் கொடுத்தார்.

நாவற்குடாவில் அவர் அப்போது இருந்த வீட்டுக்கு ஆட்டோவில் போனோம். கல்லடிப் பாலத்தில் வண்டி குலுங்கியது. அங்கிள் மடியிலிருந்த பொதியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

“மெதுவாப் போ மனே” என்றார் ஆட்டோக்காரரிடம். “பழைய சாமான்.”

“ஓம், நல்ல பழசு, கவனம்” என்று நானும் சொன்னேன்.