அரிசி மண்டிக்காரரும் சோறில்லாப் பந்தியும்

உலகத்தில் முதன்முதலாகச் சோற்றோடு சண்டை பிடித்த மனிதர் சீமையில் பிறக்கவில்லை. திண்டுக்கல்லில் அரிசி மண்டி வைத்திருந்தார். இன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போனால் பாதிப்பேர் இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "சோறு வேண்டாம், டயட்" என்கிறார்கள். பரிமாறுகிறவரும் ஒரு வார்த்தை கேட்காமல் மரியாதையாக அடுத்த இலைக்குப் போய்விடுகிறார். அந்த மரியாதைக்கு அஸ்திவாரம் போட்டவர் எங்கள் தெரு மண்டிக்காரர்தான் என்று நான் எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன்.

நேரில் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. முதுகுக்குப் பின்னால் சோத்துப்பகை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் அந்தப் பட்டப்பெயர் ஏற்படும் வரைக்கும் அவர் சோற்றுக்குச் சொந்தக்காரராகத்தான் இருந்தார். அவர் சாப்பிட உட்கார்ந்தால் வீட்டில் இன்னொரு உலை வைக்க வேண்டும். கல்லாவிலிருந்து எழுந்திருக்க மூட்டை தூக்குகிற ஆட்களில் ஒருவர் கை கொடுக்க வேண்டும். அப்படி இருந்தவருக்குக் காலில் ஒரு புண் வந்து, ஆறுவேனா என்று அடம் பிடித்தது. மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரைப் பார்த்தார். சர்க்கரை வியாதி, சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

"கொறைக்கிறதுக்கு அது என்ன வீட்டு வாடகையா? நிப்பாட்டிட்டேன்" என்று மண்டிக்கு வந்து அறிவித்தார் அண்ணாச்சி.

சோறு மட்டுமல்ல. இட்லி, தோசை, கேப்பைக்களி, கம்பங்கூழ் எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் தடை. "எல்லாம் ஒரே கூட்டுக்களவாணிக. ஒருத்தன உள்ள விட்டா மத்தவனும் வந்துருவான்" என்றார். காய், கீரை, முட்டை, கறி, மோர். அவ்வளவுதான் சாப்பாடு. டாக்டர் குறைக்கத்தான் சொன்னார் என்று யாராவது ஞாபகப்படுத்தினால், "அவரு படிச்சவரு, பயந்து பயந்துதான் சொல்லுவாரு" என்று டாக்டரையே மன்னித்துவிடுவார்.

ஆள் திருந்தியது இருக்கட்டும். வியாபாரம் நாறிப் போனது. மண்டிக்கு வருகிறவர்களிடம் அவர் பேசிய பேச்சு அப்படி.

"அண்ணாச்சி, நல்ல அரிசியா ஒரு மூட்டை போடுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? திங்கிறதுக்குத்தான்."

"திங்காதீரு. ஒம்ம வயித்தப் பாரும். போய்க் கத்திரிக்காய் வாங்கும்."

உள்ளேயிருந்து அவர் தம்பி தலையில் அடித்துக்கொண்டே ஓடி வந்து வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து இழுத்துப் போவார். இதெல்லாம் போதாதென்று பிரியாணிக் கடையில் ஒருநாள் நடந்ததை நான் பக்கத்துப் பெஞ்சிலிருந்து கண்ணால் பார்த்தேன். அண்ணாச்சி கம்பீரமாக வந்து உட்கார்ந்து, "பிரியாணி ஒண்ணு. அரிசி இல்லாம" என்றார்.

கடைக்காரர் திகைத்துவிட்டார். "அரிசி இல்லாம எப்படி அண்ணாச்சி பிரியாணி?"

"அரிசிய நீ வச்சுக்க. மிச்சத்த எனக்கு வை."

"அண்ணாச்சி, அது ஒங்க மண்டி அரிசிதான்!"

"அதான் வேண்டாங்கிறேன்."

கடை முழுக்கச் சாப்பிடுகிற கைகள் நின்றன. மண்டிக்காரரே தொடமாட்டேன் என்கிறார் என்றால் அந்த அரிசியில் என்னமோ இருக்கிறது என்று சாயங்காலத்துக்குள் வேடசந்தூர் வரை செய்தி போய்விட்டது. அண்ணாச்சி அசரவில்லை. செத்த நேரம் பொறு, ஊரே என் வழிக்கு வரும் என்று தம்பிக்கு ஆறுதல் சொன்னார்.

வந்ததுதான் வேடிக்கை. ஒரு வருஷத்தில் புண் ஆறியது. தொந்தி போன இடம் தெரியவில்லை. புதுச் சட்டை தைக்காமல் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு அலைந்தார், விளம்பரத்துக்காக. அந்தச் சட்டைக்குள் இன்னொருவரைக் குடிவைக்கலாம். அதிகாலையில் மலைக்கோட்டைப் படியேறிவிட்டு மூச்சு வாங்காமல் இறங்கி வருகிறவரைப் பார்த்து, அதுவரை சிரித்த கனவான்கள் ஒவ்வொருவராக மண்டிப் பக்கம் ஒதுங்கினார்கள். முதலில் டிரில் மாஸ்டர். பிறகு நகைக்கடைக்காரர். பிறகு யார் யாரோ.

வெள்ளிக்கிழமை தோறும் மண்டியில் எடை பார்க்கும் வைபவம் நடக்கும். மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் ஒரு தட்டில் சீடர் குந்த வேண்டும். மறு தட்டில் அண்ணாச்சி எடைக்கல்லை அடுக்குவார். "அரை வீசை கொறைஞ்சிருக்கீரு, சபாஷ்!" என்று முதுகில் தட்டுவார். எடை கூடியிருந்தால் விசாரணை. "நெசத்தச் சொல்லும். பணியாரம் எங்க தின்னீரு?" டிரில் மாஸ்டர் ஒருமுறை தராசுத் தட்டிலேயே கண் கலங்கி, மாமியார் வீட்டு ஆப்பத்தை ஒப்புக்கொண்டார். சோறு தின்னாதவரைப் பைத்தியம் என்று சொன்ன ஊரில், சோறு தின்கிறவர் கொஞ்சம் கூச்சப்படுகிற காலம் வந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் என் தங்கை பாக்கியத்துக்குக் கல்யாணம். அப்பா இல்லை. முனிசிபல் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த நான்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்க வேண்டும். மாப்பிள்ளை நத்தத்தில் புளி வியாபாரிக் குடும்பம். தாலி கட்டின மறுநாள் எங்கள் வீட்டில் கறிவிருந்து. அந்த விருந்தில் எங்கள் மானம் இருந்தது. மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருத்தி, இலையில் விழுகிற கறித் துண்டை எண்ணுகிறவள் என்று கேள்வி. கறி பற்றாமல் போனால் 'கறி பத்தாத வீட்டுப் பொண்ணு' என்ற பெயர் பாக்கியத்துக்கு அவள் பேரன் பேத்தி எடுக்கும் வரை ஒட்டிக்கொள்ளும்.

அண்ணாச்சியைக் கூப்பிடப் போனேன். "அரிசி பூராவும் என் மொய். நல்ல பழைய அரிசியா அனுப்புறேன்" என்றார். உடனே குரலை இறக்கி, "ஆனா எனக்கும் நம்ம ஆளுகளுக்கும் ஒரு தனி வரிசை போட்டுரு அப்பு. சோறு வேண்டாம். கறி, முட்டைன்னு வெஞ்சனம் மட்டும். ஏழெட்டுப் பேருதான்."

ஏழெட்டுப் பேர்தானே என்று நானும் தலையாட்டிவிட்டேன். புத்தி கெட்டவன்.

விருந்தன்று, நத்தத்திலிருந்து வருகிற மாப்பிள்ளை வீட்டு பஸ் வழியில் பஞ்சராகி நின்றுவிட்டதாக ஆள் வந்து சொன்னான். உள்ளூர்க்காரர்கள் பசியில் முனகினார்கள். அவர்களை முதலில் உட்கார வைத்தோம். ஒரு பக்கம் சாதாரணப் பந்தி. எதிர்ப்பக்கம் சோறில்லாப் பந்தி. சாதாரண இலையில் சோறு மலையாக நிற்க, கறி ஓரமாக இரண்டு துண்டு. எதிர் இலைகளில் சோறு இருக்க வேண்டிய இடமெல்லாம் காலி. காலி இலையைப் பார்த்தால் பரிமாறுகிறவன் கை சும்மா இருக்குமா? கரண்டி கரண்டியாகச் சுக்கா, ஈரல், முட்டை.

சாதாரணப் பந்திக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். ஒருவர் மெல்ல எழுந்து தம்ளரோடு சோறில்லாப் பந்திக்கு வந்தார்.

"ஏலே, ஒனக்கு எப்பலே சர்க்கரை வந்துச்சு?" என்றார் நகைக்கடைக்காரர்.

"இப்பத்தான், ஒங்க இலையப் பாத்ததும்."

அடுத்தவர், "எங்கப்பாவுக்கு இருந்துச்சுங்க. எனக்கும் எப்படியும் வரும்" என்று உட்கார்ந்தார். அதற்கடுத்தவர் காரணமே சொல்லவில்லை. இலை போதாமல் புது வரிசை போட்டார்கள். ஒரே மத்தியானத்தில் திண்டுக்கல்லுக்கு இத்தனை சர்க்கரை வியாதி எங்கிருந்து வந்தது என்று நான் பிரமித்து நின்றபோது சமையல்கார மொக்கையன் என் தோளைத் தொட்டான்.

"தம்பி, கறி அண்டாவுல அடி தெரியுது. சோறு மலையாக் கெடக்கு, தொட ஆளில்ல. இப்பிடியே போனா நத்தத்து ஆளுகளுக்குக் கரண்டியத்தான் காட்டணும்."

பஞ்சர் ஒட்டியாயிற்று, பஸ் கிளம்பிவிட்டது என்றும் அதே நேரத்தில் செய்தி வந்தது. உட்கார்ந்தவர்களை எழுப்ப முடியுமா? வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு பாக்கியம் நின்றாள். மஞ்சள் காயாத தாலி. அண்டா விஷயம் அவள் காதுக்கும் போய்விட்டது என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

அண்ணாச்சி அதுவரை மேற்பார்வை பார்த்துவிட்டு, அப்போதுதான் தன் வரிசையில் உட்காரப் போனார். ஓடிப்போய்க் காதில் சொன்னேன். அவர் நீண்டுகொண்டே போகிற வரிசையைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். தம்ளரை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்து, சாதாரணப் பந்தியின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மொக்கையா! சோத்தக் கொண்டா!"

மொக்கையன் சோற்றுக் கூடையோடு வந்து தயங்கினான். "எம்புட்டு அண்ணாச்சி?"

"இலை தெரியக்கூடாது."

"அண்ணாச்சி!" என்று அலறினார் டிரில் மாஸ்டர். "நம்ம வெரதம்?"

"என்னய்யா வெரதம்? கல்யாண வீட்டுல சோறு திங்காம எந்திரிக்கிறது வீட்டுக்காரனுக்கு மரியாதையா?" என்றார் அண்ணாச்சி, ஊருக்கே கேட்கிற குரலில். "ரெண்டு துண்டு கறியப் போடு, குழம்ப ஊத்து. எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னைக்கு எவன் சோறு திங்கலையோ, அவன வெள்ளிக்கிழமை தராசுல ஏத்த மாட்டேன்!"

சீடர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் நகைக்கடைக்காரர் எழுந்தார். சீடர்களே போன பிறகு திடீர் வியாதிக்காரர்கள் எந்த முகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்? அப்படியே சாதாரணப் பந்திப் பக்கம் சரிந்தார்கள். சோற்றுமலை கரைந்தது. கறி அண்டா மூச்சு விட்டது.

நத்தத்து பஸ் வந்து சேர்ந்தது. பெரியம்மா எண்ணினாள். நானும் அவள் பின்னால் நின்று எண்ணினேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டே, "கறிக்குக் கொறை சொல்ல முடியாது. தாராளம்" என்றாள். நான் கொல்லைப்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். அழுதேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, தராசு பழுது என்று மண்டியில் சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் சரியாகிவிட்டது. அண்ணாச்சியும் மறுபடி கத்திரிக்காய்க்குப் போய்விட்டார். கடைசிவரை அப்படியே இருந்தார்.

ஆனால் பாக்கியம் ஒன்று சொன்னாள். பல வருஷம் கழித்து, ஒரு தீபாவளிக்கு நத்தத்திலிருந்து வந்திருந்தபோது சொன்னாள். அன்றைக்குச் சீடர்களெல்லாம் எழுந்து போன பின்னும் அண்ணாச்சி மட்டும் இலை முன்னால் இருந்திருக்கிறார். இவள் ரசம் ஊற்றப் போயிருக்கிறாள்.

"சுத்தியும் முத்தியும் பாத்தாருண்ணே. 'அம்மாடி, இன்னும் ஒரு கை சோறு போடு'ன்னு மெதுவாக் கேட்டாரு. போட்டேன். ரசத்துக்குத் தின்னாரு. அப்புறம் மோருக்கும் ஒரு கை கேட்டாரு. கண்ண மூடிக்கிட்டுச் சின்னப்புள்ள மாதிரி திங்கிறாருண்ணே. 'யார்கிட்டயும் சொல்லிராத தாயி'ன்னாரு. இம்புட்டு நாளும் சொல்லல."

முதல் சோறு எங்களுக்காகத் தின்றது. அப்புறம் வாங்கினது அவருக்காக. சோற்றின் மேல் அவ்வளவு ஆசையை வைத்துக்கொண்டுதான், சுற்றிலும் அரிசி மூட்டையாக அடுக்கியிருந்த அந்த மண்டியில் அந்த மனிதர் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தார். பாக்கியம் சொன்ன அன்றிலிருந்து, முதுகுக்குப் பின்னாலும் எனக்கு அவர் அண்ணாச்சிதான்.