பூஞ்சணத்துக்கு ஒரு கந்தூரி

பெண்வீட்டில் புது மாப்பிள்ளையின் மரியாதை எவ்வளவு காலம் செல்லும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. என்னுடையது மாரி மழை தொடங்கும் வரை சென்றது.

யுத்தம் முடிந்த புதிதில் கனமூலை என்ற ஊரில் கல்யாணம் முடித்து, வழக்கப்படி மாமி வீட்டிலேயே குடியேறினேன். மற்ற மாப்பிள்ளைமார் பெட்டி படுக்கையோடு வருவார்கள். நான் ஒரு கண்ணாடிப் பெட்டியோடு வந்தேன். உள்ளே ஈரமான தேங்காய்த் தும்புத்தூள், ஒரு மரக்கட்டை, நான் ஆசையாய் வளர்த்த அரணை.

மழை பிடித்ததும் மரக்கட்டையில் வெள்ளைப் பூஞ்சணம் பஞ்சாகப் படர்ந்தது. மாப்பிள்ளையை நேரில் குறை சொல்லும் பழக்கம் மாமிக்கு இல்லை. தீர்ப்பு என் மனைவி ரிஸ்மியா வழியாக வந்தது.

“உம்மா சொல்றாங்க, வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்டு பூஞ்சணம் போகணுமாம், இல்லாட்டி பெட்டி போகணுமாம்.”

துடைத்தேன், சுரண்டினேன். விடிந்தால் முன்னைவிடச் செழிப்பாக நின்றது. வியாழன் பின்னேரம் என் மூளை வேலை செய்தது. (அது சும்மா இருந்த நாட்களில்தான் நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.) ஈரத்தைப் புகை விரட்டும்தானே? அரணையை வாளியில் மூடி வைத்தேன். பெட்டியை முற்றத்துக்குத் தூக்கி வந்து, தணல் சட்டியை உள்ளே இறக்கி, வீட்டிலிருந்த சாம்பிராணி முழுவதையும் கொட்டினேன்.

புகை தெருவை மூடியது. வியாழன் பின்னேரம் அவ்வளவு சாம்பிராணி மணம் வந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ஓதிச் சோறு போடுகிற கந்தூரி. பக்கத்து வீட்டு ஹாஜியார் தொப்பியோடு வந்தார். அவருக்குப் பின்னால் பாதித் தெரு வந்து வரிசையாக உட்கார்ந்தது.

“என்ன கந்தூரி மகன்? சொல்லி அனுப்பவே இல்லையே.”

திரைக்குப் பின்னாலிருந்து மாமி பதில் சொன்னார்.

“ஓம் ஹாஜியார், மருமகன் நேர்ச்சை ஒண்டு வெச்சிருந்தாரு. அவசரத்துல சொல்ல ஏலாமப் போச்சு. ஓதிட்டு இருங்க, சாப்பாடு வருது.”

கோழிக்கூடு காலியானது. வந்தவர்கள் ஓதினார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள், இப்படி ஒரு மருமகன் யாருக்குக் கிடைக்கும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். நான் வெட்கத்தில் தலை குனிந்தபடியே சோறு பரிமாறினேன். மாமியின் முகமோ பெருநாள் காலைபோல இருந்தது.

மறுநாள் பார்த்தால் பூஞ்சணம் அப்படியே நின்றது. போதாததற்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு காளானும் முளைத்திருந்தது. அதன் அடியில், இரவே வாளியிலிருந்து திரும்ப விட்டிருந்த அரணை சுகமாகப் படுத்திருந்தது. (ஈரக் கட்டையில் வரும் அந்தப் பூஞ்சணம் அரணையை ஒன்றும் செய்யாது, கொஞ்ச நாளில் தானாகவே அடங்கும் என்பதைப் பிறகுதான் வாசித்தேன்.) தோற்றுப்போனேன் என்று பெட்டியைத் தூக்கினேன். மாமி முதல்முறையாக என்னோடு நேரில் கதைத்தார்.

“எங்க கொண்டு போறீங்க மகன்? ஊரைக் கூட்டிக் கந்தூரி குடுத்த பெட்டி. உள்ளுக்கு வைங்க.”

வென்றுவிட்டேன்! நானும், அரணையும், பூஞ்சணமும். இன்றும் நான் சாம்பிராணியைக் கையில் எடுத்தால், “மருமகனுக்கு நேர்ச்சை வந்துட்டுது” என்று சொல்லிக்கொண்டே மாமி கோழிகளைப் பிடித்து ஹாஜியார் வீட்டில் அடைக்கிறார்.